பழைய லைட் ஹவுஸை ஊர்ச் சங்கம் கேட்டு வாங்குவது எப்படி?

மெரினாவில் லைட் ஹவுஸ் ஸ்டாப்பில் இறங்கும் யாரையாவது நிறுத்தி, "இந்தக் கட்டடம் யாருடையது?" என்று கேளுங்கள். "கவர்மென்ட்டு" என்பார். எந்த கவர்மென்ட்டு என்றால் முழிப்பார். கடலோரத்துப் பழைய கோபுரம் ஒன்றைக் கேட்டு வாங்கலாம் என்று நாங்கள் நாலைந்து பேர் கிளம்பியபோது நாங்களும் அப்படித்தான் முழித்தோம். எந்தக் கோபுரம் என்று இப்போது சொல்லமாட்டேன், பேச்சு இன்னும் நடக்கிறது.

படி 1: விளக்கு, கோபுரம், நிலம். மூன்றையும் பிரியுங்கள்

உயர் நீதிமன்ற வளாகத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே பழைய லைட் ஹவுஸ் இரண்டு. ஒன்று தனியாக நிற்கும் கல் தூண், 1844இல் விளக்கேற்றியது. மற்றொன்று நீதிமன்றக் கட்டடத்தின் உயரமான குவிமாடம். 1894இல் தூணின் வேலை அதற்குப் போனது. 1977இல் மெரினாவில் சிவப்பு வெள்ளைக் கோபுரம் வந்ததும் குவிமாடத்துக்கும் ஓய்வு. தூணைப் பற்றியாவது தனியாகப் பேசலாம். குவிமாடத்தை எப்படிக் கேட்பீர்கள்? கீழே கோர்ட் நடக்கிறதே!

மெரினாவில் விளக்கு இன்னும் எரிகிறது. கலங்கரை விளக்கங்கள் அரசமைப்பின் மத்தியப் பட்டியலில் 26ஆவது இனம். அதனால் எம்.எல்.ஏ.வைப் பிடித்துப் பயனில்லை. மத்தியத் துறைமுக அமைச்சகத்தின் கீழ் உள்ள கலங்கரை விளக்கத் தலைமை இயக்குநரகத்திடம்தான் போக வேண்டும். அணைந்துபோன விளக்கு என்றால் கோபுரம் ஒருவரிடம், நிலம் இன்னொருவரிடம் இருக்கலாம்.

படி 2: காகிதம் தேடுங்கள்

டவுன் சர்வே நம்பரைக் கண்டுபிடித்து, நிலம் யார் பெயரில் என்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பாருங்கள். அப்புறம் தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள் கெடு.

எங்கள் முதல் மனுவில் "இந்தக் கோபுரத்தை ஏன் பராமரிக்கவில்லை?" என்று கோபமாகக் கேட்டிருந்தோம். ஒரு வரியில் திருப்பிவிட்டார்கள். தப்பு எங்களுடையதுதான். அந்தச் சட்டம் ஆவணத்தைத் தரும், சண்டைக்கு வராது. இரண்டாவது முறை, "கடைசியாக நடந்த பழுதுபார்ப்பின் பணி ஆணை நகல் வேண்டும்", "நிலம் ஒப்படைக்கப்பட்ட ஆணையின் நகல் வேண்டும்" என்று எழுதினோம். தாள்கள் வந்தன. 'ஏன்' வருகிற இடத்திலெல்லாம் 'நகல்' போடுங்கள்.

படி 3: சங்கம்

தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975. குறைந்தது ஏழு பேர் போதும். நோக்கங்களில் பாரம்பரியக் கட்டடப் பராமரிப்பு என்று எழுத மறக்காதீர்கள். வருடாவருடம் கணக்குக் காட்ட ஒரு பொறுமைசாலி வேண்டும், அவரை முதலில் பிடியுங்கள்.

படி 4: என்ன கேட்கப் போகிறீர்கள்?

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டிலேயே இதற்கென்று சட்டம் போட்டுவிட்டார்கள். கடலோரக் காவல்படைக்குத் தேவைப்படாத லைட் ஹவுஸை உள்ளாட்சியோ லாப நோக்கமற்ற அமைப்போ இலவசமாகவே எழுதி வாங்கலாம். தகுதியானவர் வராவிட்டால் ஏலம். கோபுரம் கைமாறினாலும் விளக்கு எரிந்தால் அதைக் காவல்படையே பார்த்துக்கொள்ளும். நிபந்தனையை மீறினால் சொத்து அரசுக்கே திரும்பும். கனடாவில் 2008இல் வந்த சட்டப்படி 25 பேர் கையெழுத்திட்டு ஒரு கோபுரத்தைப் பாரம்பரியச் சின்னமாக்க மனு செய்ய முடிந்தது. ஆனால் அரசு கழித்துவிட்ட கோபுரம் என்றால், வாங்கிப் பராமரிக்க ஒருவர் எழுத்தில் உறுதி தந்தாக வேண்டும்.

நம் நாட்டில் கலங்கரை விளக்கங்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் (Marine Aids to Navigation Act) அப்படி ஊருக்கு எழுதித் தரும் ஏற்பாடு இல்லை. 'பாரம்பரியக் கலங்கரை விளக்கம்' என்று அறிவித்து, கல்வி, பண்பாடு, சுற்றுலாவுக்காக மேம்படுத்த மத்திய அரசுக்கு வழி இருக்கிறது. ஆகவே மனுவில் "எங்களுக்குச் சொந்தமாக்குங்கள்" என்று எழுதினால் ஃபைல் அங்கேயே தூங்கும். அந்த அறிவிப்பையும், பார்வையாளர் நிர்வாகத்துக்கும் அன்றாடப் பராமரிப்புக்கும் ஓர் ஒப்பந்தத்தையும் கேளுங்கள். என்னைக் கேட்டால், நம் கைக்கு இதுவே நல்லது. சொத்து கிடைத்துவிட்டால் இடியில் விரிசல் விட்டாலும் நம் தலையில்தான்.

படி 5: பராமரிப்புத் திட்டம்

முழு நாள் ஒதுக்குங்கள். கடற்காற்றில் உப்பு இருக்கிறது, முதலில் தின்பது இரும்பை. படிக்கட்டுக் கைப்பிடியைச் சுவரில் செருகியிருக்கும் இடத்தை விரலால் தடவுங்கள். செதில் செதிலாக உதிர்ந்தால், உள்ளே துரு உப்பிக் கல்லைப் பிளக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இடிதாங்கியின் செம்புப் பட்டை தரைவரை அறுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பல இடங்களில் யாராவது வெட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

சுண்ணாம்புக் காரையில் கட்டியதைச் சிமென்ட் வைத்துப் பூச யாராவது ஆர்வமாக வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். சிமென்ட் ஈரத்தை வெளியே விடாது. உள்ளே சிக்கிய உப்பு நீர், சில மழைக்காலத்தில் பூச்சையும் அதோடு கல்லின் முகத்தையும் சேர்த்து உரித்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி, திட்டத்தோடு இணையுங்கள். அதிகாரி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான்.

படி 6: மனு கொடுப்பது

கோபுரத்துக்கு ஒரு பிரதி, நிலத்துக்கு ஒரு பிரதி, இரண்டும் வேறு வேறு அலுவலகம் என்றால் இரண்டு மனு. உங்கள் கைப்பிரதியில் தேதியோடு சீல் வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். "சாப்பாட்டு நேரம், அப்புறம் வாங்க" என்பார்கள். சரி என்று சொல்லிவிட்டு அங்கேயே பெஞ்சில் உட்காருங்கள்.