லோகோவைத் தாண்டாத போன்

அம்மாவின் பழைய போனை ஆன் செய்தால் லோகோ வரும், அணையும், மறுபடி லோகோ. நான்கு நாள் இதே கதை. ஃபேக்டரி ரீசெட் போட்டும் பயனில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடையில் காட்டினேன். "போர்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிக்கோங்க" என்றார் கடைக்காரர்.

உள்ளே இருப்பது மீடியாடெக் சிப். சரி, அந்தச் சிப் உள்ள போன்களுக்குக் கம்ப்யூட்டரிலிருந்து மென்பொருள் ஏற்றும் எஸ்பி ஃப்ளாஷ் டூலில் ஒரிஜினல் ஃபர்ம்வேரை (போனை இயக்கும் மென்பொருளை) ஏற்றிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். பேட்டரிக்கு அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பார்த்து, அதே மாடலுக்கான ஃபைலை இறக்கினேன். அதோடு வந்த ஸ்கேட்டர் ஃபைலை (எந்தப் பகுதி போன் மெமரியில் எங்கே போக வேண்டும் என்ற பட்டியல்) டூலுக்குக் காட்டி, டவுன்லோடு அழுத்தி, அணைத்த போனைச் சொருகினால் டூல் அசையவே இல்லை. டிரைவரை மூன்று முறை மாற்றியதில் ஒரு நாள் போனது.

அப்புறம்தான் கவனித்தேன்: சொருகும்போது கம்ப்யூட்டரில் அந்த 'டிங்' சத்தமே வரவில்லை. போனில் சார்ஜ் மட்டும் ஏறுகிறது! ஏதோ பவர் பேங்கோடு வந்த கேபிள் அது; உள்ளே டேட்டா கம்பியே கிடையாது. தம்பியின் கேபிளை மாட்டியதும் டிவைஸ் மேனேஜரில் 'ப்ரீலோடர்' (போனில் முதலில் ஓடும் சின்ன புரோகிராம்) இரண்டு மூன்று விநாடி தலைகாட்டி மறைந்தது. அது இருக்கும் நேரமே அவ்வளவுதான்; அதற்குள் டூல் அதைப் பிடிக்க வேண்டும். அதனால் முதலில் டவுன்லோடு, பிறகுதான் கேபிள்.

டூலில் 'டவுன்லோடு ஒன்லி' மட்டும் தேர்ந்தெடுங்கள். 'ஃபார்மட் ஆல்' பக்கம் போனால் ஐஎம்இஐ (போனின் அடையாள எண்) அழிந்து, சிம் இருந்தும் சிக்னல் இருக்காது.

பச்சை டிக் வந்தது. முதல் முறை ஆன் ஆகப் பத்து நிமிடம் எடுத்தது. நடுவில் பேட்டரியைப் பிடுங்கக் கை துறுதுறுத்தது. *#06# அடித்தேன், இரண்டு ஐஎம்இஐ எண்ணும் பத்திரம்.