ஸ்டுடியோ போர்ட்ரெய்ட்: முகத்தின் எக்ஸ்போஷர் சரியா என்று பார்ப்பது எப்படி?

கேமராவின் பின்திரையை நம்பி எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை) முடிவு செய்யாதீர்கள். இருட்டு அறையில் அந்தத் திரை பளிச்சென்று தெரியும். படம் ஓவர் (வெளிச்சம் மிகுதி) என்று நினைத்து ஒளியைக் குறைப்பீர்கள். கணினியில் திறந்தால் முகம் மங்கிக் கிடக்கும். திரையின் வெளிச்சத்தை ஆட்டோவில் விடாமல் ஒரே அளவில் வைத்து, போஸும் ஃபோகஸும் பார்க்க மட்டும் பயன்படுத்துங்கள்.

ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 100, ஷட்டர் (திறந்திருக்கும் நேரம்) 1/125 நொடி, அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/8, ரா ஃபைல் (கேமரா மெருகேற்றாத மூலப் படம்). இதில் தொடங்கலாம். முதலில் ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம். அது முழுக்கக் கறுப்பாக வரவேண்டும். ஏதாவது தெரிந்தால் அறை விளக்கு கலக்கிறது, அதன் நிறம் தோலில் ஏறும். ஷட்டரை மாற்றினால் அறை வெளிச்சம்தான் மாறும், ஃபிளாஷ் வெளிச்சம் மாறாது. 1/250ஐத் தாண்டினால் பல கேமராக்களில் ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

கேமராவுக்குள் இருக்கும் மீட்டர் இங்கே உதவாது. அது அளக்கும் நொடியில் ஃபிளாஷ் எரிவதில்லை. கையில் பிடிக்கும் லைட் மீட்டரை ஃபிளாஷ் நிலையில் வைத்து, அதிலும் ஐ.எஸ்.ஓ. 100, 1/125 என்று போடுங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, மீட்டரின் வெள்ளைக் குமிழை முகவாய்க்குக் கீழே பிடித்துக் கீ லைட்டை (முகத்துக்கான முதன்மை விளக்கை) பார்க்கத் திருப்புங்கள். எஃப்/8 காட்டும்வரை பவரை ஏற்றி இறக்குங்கள். நிழலை நிரப்பும் ஃபில் லைட்டைத் தனியாக அளந்து எஃப்/4 வந்தால் 2 ஸ்டாப் வித்தியாசம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரட்டிப்பாவது அல்லது பாதியாவது). கன்னத்தின் நிழல் ஆழமாகவும் இருக்கும், விவரமும் தங்கும். வெள்ளைப் பேக்ரவுண்டு கீ லைட்டைவிட அரை முதல் 1 ஸ்டாப் கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் அந்த வெள்ளை திரும்பி வந்து முடியின் ஓரத்தை அரிக்கும்.

‘கறுத்த முகமா, ஒரு ஸ்டாப் கூட்டு’ என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள். இந்த மீட்டர் அளப்பது முகத்தின் மேல் விழும் ஒளியை. தோலின் நிறம் அந்த அளவை மாற்றாது. அது சொன்னபடி எடுத்தால் மாநிறம் மாநிறமாகவே வரும். கறுத்த தோலின் அழகு அதன் மினுமினுப்பில் இருக்கிறது. அது வேண்டுமென்றால் பவரைக் கூட்டாமல் பெரிய சாஃப்ட்பாக்ஸை (ஒளியை மென்மையாக்க விளக்கின் மேல் மாட்டும் துணிப்பெட்டியை) பக்கத்தில் கொண்டுவாருங்கள், மினுக்கம் அகலமாகப் பரவும். கிட்டே வந்தால் ஒளியும் கூடும் என்பதால் மறுபடி அளந்து பவரைக் குறைக்க வேண்டும்.

இனி ஹிஸ்டோகிராம், அதாவது படத்தின் இருட்டை இடதிலும் வெளிச்சத்தை வலதிலும் மேடுகளாகக் காட்டும் வரைபடம். மாநிறத்தவர், வெள்ளைச் சட்டை, வேட்டி, அடர் சாம்பல் திரை என்று வைத்துக்கொள்வோம். இடது பக்க மேடு திரை. வலது ஓரத்து மேடு சட்டை. முகம் நடுவில் சின்னதாக இருக்கும். ஆகவே மொத்த வடிவத்தை வைத்து முகத்தைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். தோலில் சிவப்புதான் முதலில் வலது சுவரில் முட்டும். முட்டினால் கன்னம் மஞ்சள் பூத்துத் தட்டையாகிவிடும், வெள்ளைச் சட்டை நன்றாக இருந்தாலும்கூட.

ஓவரான இடம் சிமிட்டும் எச்சரிக்கையையும் போட்டுவையுங்கள். சட்டை மட்டும் சிமிட்டினால் மொத்த எக்ஸ்போஷரைக் குறைக்காதீர்கள். சாஃப்ட்பாக்ஸைச் சற்று மேலே திருப்பி, சட்டையில் விழும் ஒளியைக் குறையுங்கள். நெற்றி சிமிட்டினால் முதலில் வியர்வையைத் துடைத்துப் பவுடர் போடுங்கள், பிறகும் சிமிட்டினால் மூன்றில் ஒரு ஸ்டாப் இறக்குங்கள். இந்த எச்சரிக்கையும் ஹிஸ்டோகிராமும் கேமரா தானே மெருகேற்றிய ஜேபெக் படத்திலிருந்து வருபவை. அந்த மெருகைத் தீர்மானிக்கும் பிக்சர் ஸ்டைல் அமைப்பில் கான்ட்ராஸ்ட் அதிகமாக இருந்தால் ரா ஃபைலில் விவரம் இருக்கும்போதே சிமிட்டும், நியூட்ரலில் வையுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் படத்துக்குப் படம் வெளிச்சம் மாறுகிறதா? திடீரென்று ஒரு படம் மட்டும் இருண்டால் ஃபிளாஷ் சார்ஜ் ஏறுமுன் அழுத்தியிருப்பீர்கள். பீப் சத்தம் வரும்வரை பொறுங்கள். மெல்ல மெல்லக் குறைந்தால் உட்கார்ந்தவர் பின்னால் நகர்ந்திருப்பார். விளக்கிலிருந்து 4 அடியில் இருந்தவர் 5 அடிக்குப் போனால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு ஸ்டாப் போய்விடும். ஸ்டூலின் கால் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிடுங்கள்.