புதுப்பித்த மாடி வீடா? முதலில் சீலிங்கைக் கழற்றச் சொல்லுங்கள்

கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் கடைத்தெருவை ஒட்டிய பழைய கட்டிடங்களின் மேல்மாடியைப் புதுப்பித்து விற்பது இப்போது நன்றாக நடக்கிற வியாபாரம். நான் கட்டிட வேலையில் இருப்பதால், வாங்குகிறவர்கள் கடைசி நேரத்தில் என்னைக் கூட்டிப் போவார்கள். அதாவது, அட்வான்ஸ் கொடுத்த பிறகு. தொழில் பழகிய காலத்தில் நாங்கள் ஏமாந்த அதே இடத்தில்தான் இவர்களும் ஏமாறுகிறார்கள். வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அதை வக்கீல் பார்த்துக்கொள்வார்.

புதுச் சீலிங்கை நம்புவது

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். துபாயில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் வீடியோ காலில் வீட்டைப் பார்த்தே அட்வான்ஸ் அனுப்பிவிட்டார். ஊருக்கு வந்ததும், “காக்கா (எங்கள் பக்கம் அண்ணனை இப்படித்தான் கூப்பிடுவார்கள்), டைல்ஸ், பெயின்ட், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் புதுசு. சும்மா ஒரு பார்வை பாருங்க” என்றார். சீலிங்கில் ஒரு பலகையைக் கழற்றச் சொன்னேன். “புது வேலை, கெட்டுப் போயிடும்” என்றார் விற்கிறவர். சரி என்று விளக்கு மாட்டிய ஓட்டை வழியாக டார்ச் அடித்தேன். மேலே கூரையாக இருக்கும் கான்கிரீட் சிலாபின் அடிப்பூச்சு உதிர்ந்து, கம்பி ஏடு ஏடாக உரிந்துகொண்டிருந்தது.

அந்தக் காலத்தில் கடற்கரை மணலையும் உவர்க் கிணற்றுத் தண்ணீரையும் போட்டே பல வீடுகளைக் கட்டினார்கள். அந்த உப்பு கான்கிரீட்டுக்குள்ளேயே இருக்கிறது. போதாததற்கு வெளியிலிருந்து கடற்காற்று. துரு, இரும்பைவிட இரண்டு மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் சிலாப் உள்ளிருந்து வெடிக்கிறது. கடலோரக் காற்றுபடும் கான்கிரீட்டில் கம்பியை 45 மி.மீ. கனத்துக்குக் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தர விதி. பழைய சிலாபுகளில் அரை அங்குலம் இருந்தாலே பெரிது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலமே காலமெல்லாம் துருவோடு மல்லுக்கட்டி, 2025-இல் புதுப் பாலத்துக்கு வழிவிட்டது. வீட்டுக் கம்பி எம்மாத்திரம்?

இதற்கு மேல் ஒட்டுப் போடுவது இன்னும் மோசம். உப்பேறிய பழைய கான்கிரீட்டுக்கு நடுவில் புதுக் கலவை வைத்தால், ஒட்டின் ஓரத்தில் இருக்கும் கம்பி முன்னைவிட வேகமாகத் துருப்பிடிக்கும். ஒழுங்கான வேலை என்றால் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, துருவைச் சுரண்டி, பூச்சு கொடுத்து, மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்க்க வேண்டும். செலவு எகிறும். அதனால்தான் ஜிப்சம் பலகை மாட்டிப் பூசி மெழுகுகிறார்கள்.

ஆகவே அட்வான்ஸுக்கு முன்னால் சீலிங்கைக் கழற்றச் சொல்லுங்கள். சிலாபைச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். பொள்ளல் சத்தம் வந்தால், துளையிட்டுத் தூளெடுத்து உப்பளவு சோதிக்க ஆளை வரச் சொல்லுங்கள். கழற்ற மாட்டேன் என்றால் எழுந்து வந்துவிடலாம். அந்தத் தம்பிக்கு அட்வான்ஸில் பாதிதான் திரும்பியது.

அரைத்தளத்துக்கும் சதுர அடி விலை கொடுப்பது

உயரமான கூடத்துக்குள் இரும்புச் சட்டம் நிறுத்தி, மேலே பலகை போட்டு ‘லாஃப்ட்’ என்கிறார்கள். பார்க்க அழகுதான். அங்கீகரித்த வரைபடத்தில் அது இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பரப்பைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.

மொட்டை மாடி யாருடையது என்று கேட்காமல் விடுவது

மனையில் உங்களுக்குள்ள பிரிபடா பாகமும் (கட்டிடம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கு), மேலே இன்னொரு மாடி எழுப்பும் உரிமை யாருக்கு என்பதும் பத்திரத்தில் எழுத்தாக இருக்க வேண்டும். வாய்ப்பேச்சு பதிவு அலுவலகத்தில் செல்லாது.

காலையில் மட்டும் போய்ப் பார்ப்பது

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை நேரத்தில் ஒருமுறை, இரவு எட்டு மணிக்கு ஒருமுறை போய் வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

தண்ணீர்

காவிரித் தண்ணீர் எந்தெந்த நாளில் வருகிறது என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், விற்கிறவரிடம் வேண்டாம்.

ஏசி

வெளியே மாட்டிய யூனிட்டின் அடித்தகட்டை விரலால் அழுத்துங்கள். உதிர்ந்தால் அதையும் விலையில் கழியுங்கள்.