பழைய லேப்டாப்பில் விண்டோஸ் 11: முதலில் பிராசஸரைப் பாருங்கள்

பழைய மெஷினில் விண்டோஸ் 11 போட்டுத் தரச் சொல்லி யாராவது வந்தால், நான் ரேமைப் பற்றிக் கேட்பதில்லை. உள்ளே என்ன பிராசஸர் என்றுதான் முதலில் பார்ப்பேன். மைக்ரோசாஃப்டின் நிபந்தனைகளில் டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சிப்), செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் வசதி), 8ஆம் தலைமுறை இன்டெல் என்பதெல்லாம் வாசலில் நிற்கும் காவல்காரர் மாதிரி, பின்பக்கமாகப் போய்விடலாம். ஆனால் 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்சிஎன்டி ஆகிய கட்டளைகள் பிராசஸரிலேயே இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் விண்டோஸ் பூட்டே ஆகாது. எந்த மென்பொருளாலும் அதை ஒட்டவைக்க முடியாது.

சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, முதல் பக்கத்தில் 'இன்ஸ்ட்ரக்ஷன்ஸ்' என்ற வரியைப் பாருங்கள். எஸ்எஸ்இ 4.2 இருந்தால் போதும், பாப்சிஎன்டியும் கூடவே இருக்கும். இன்டெலில் முதல் தலைமுறை ஐ5, ஐ7இலேயே எஸ்எஸ்இ 4.2 வந்துவிட்டது. ஏஎம்டியில்தான் குழப்பம். 2011இல் வந்த புல்டோசரில் உண்டு. அதே ஆண்டு மலிவு லேப்டாப்களில் வந்த இ-350இல் கிடையாது. ஃபெனம் 2இலும் கிடையாது. அவற்றில் தெரியும் எஸ்எஸ்இ 4ஏ என்பது வேறு சமாச்சாரம், பார்த்து மயங்க வேண்டாம்.

கோர் 2 டுவோ எஸ்எஸ்இ 4.1உடன் நின்றுவிட்டது. என் மச்சானிடம் இருப்பது அந்த வகையில் இ7500. "எட்டு ஜிபி ரேம், எஸ்எஸ்டி எல்லாம் போட்டாச்சே மாப்ள, அப்புறம் என்ன?" என்று சண்டைக்கு வந்தார். அதில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் மின்ட் 22 போட்டுக் கொடுத்தேன். 2029 வரை அப்டேட் வரும்.

பிராசஸர் தேறிவிட்டதா? சரி, மற்றது சுலபம். ஃபைல்களை வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொண்டு, மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் 11 ஐஎஸ்ஓவை (நிறுவல் ஃபைலை) இறக்குங்கள். பூட் பென்டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருளில் அதையும் 8 ஜிபிக்கு மேற்பட்ட பென்டிரைவையும் தேர்ந்தெடுத்து ஸ்டார்ட் கொடுத்தால், டிபிஎம், செக்யூர் பூட், ரேம் நிபந்தனைகளை நீக்கவா என்று கேட்கும். டிக் செய்யுங்கள். யுஇஎஃப்ஐ (மெஷினைத் தொடக்கிவைக்கும் புதுவகை மென்பொருள்) இல்லாத பழைய பயாஸ் மெஷின் என்றால், ஸ்டார்ட் கொடுக்கும் முன்பே ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீமை எம்பிஆர் என்று மாற்ற மறக்காதீர்கள். பென்டிரைவிலிருந்து பூட் செய்து புதிதாகப் போடுவதே என் வழக்கம்.

3ஆம் தலைமுறை ஐ5-3320எம் உள்ள திங்க்பேட் டி430 எல்லாம் எஸ்எஸ்டியுடன் அன்றாட வேலைக்குத் தாராளம். மெஷின் இழுத்தால் விண்டோஸ் செக்யூரிட்டியில் கோர் ஐசோலேஷனுக்குள் 'மெமரி இன்டெக்ரிட்டி' என்ற பாதுகாப்பு வசதி ஓடுகிறதா என்று பாருங்கள். 7ஆம் தலைமுறைக்கு முந்தைய இன்டெலில் அதற்கான வன்பொருள் வசதி இல்லாததால் மென்பொருளாலேயே சமாளிக்கிறது, வேகம் குறைகிறது. அணைத்தால் பாதுகாப்பு கொஞ்சம் குறையும். பேங்க் வேலை செய்கிற மெஷினில் நான் அணைப்பதில்லை.

மாதாந்திர அப்டேட்கள் பொதுவாக வந்துகொண்டிருக்கும், ஆனால் அதற்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை. ஆண்டுக்கொரு முறை வரும் பெரிய பதிப்பு தானாக வராது. அப்போது புது ஐஎஸ்ஓவில் பென்டிரைவ் தயாரித்து நீங்களேதான் ஏற்ற வேண்டும். அதற்கு முன் அந்தப் பதிப்பு பிராசஸரிடம் புதிதாக ஏதாவது கேட்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.