கண்மாய்ப் புறம்போக்கில் குழாய் முடிகிறதா? சுத்திகரித்த கழிவுநீரை வெளியேற்ற அனுமதி வாங்கும் முறை

கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பழைய வீட்டை விடுதியாக மாற்றுகிறவர்களும் கல்யாண மண்டபம் எழுப்புகிறவர்களும் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செலவு செய்து முடித்த பிறகுதான் மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்று யோசிக்கிறார்கள். கொல்லைக்குப் பின்னால் ஓர் ஓடை வறண்டு கிடக்கும், அதற்கு அந்தாண்டை கண்மாய். குழாயை அந்தப் பக்கம் திருப்பிவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். அந்தக் குழாய் முடியும் இடம் அரசு நிலம். போய்ச் சேரும் தண்ணீரைக் கேட்க ஆயக்கட்டுதாரர் (கண்மாய்ப் பாசன நிலத்துக்காரர்), மீன்பாசிக் குத்தகைதாரர் (கண்மாயில் மீன் பிடிக்க ஏலம் எடுத்தவர்), ஊராட்சி, நீர்வளத்துறை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்று ஐந்து பேர் இருக்கிறார்கள். ஆகவே வேலையைக் குழாயின் கடைசி முனையிலிருந்து பின்னோக்கித் தொடங்குங்கள்.

முதலில் இந்தக் குழாய் தேவைதானா என்று கணக்குப் போடுங்கள். 20 அறை, 40 படுக்கை உள்ள விடுதி என்று வைத்துக்கொள்வோம். படுக்கைக்கு 180 லிட்டர் வீதம் 7,200. சாப்பாட்டுக் கூடத்தில் 50 இருக்கை, ஒன்றுக்கு 70 லிட்டர் வீதம் 3,500. வேலையாட்கள் 15 பேருக்குத் தலைக்கு 45 வீதம் 675. மொத்தம் 11,375 லிட்டர். இதில் 80 சதவீதம் கழிவுநீராகத் திரும்பும் என்று எடுத்தால் நாளுக்கு 9,100. சுத்திகரித்த நீரில் கழிப்பறைத் தொட்டிகளுக்கு 1,800 போகும். 1,000 சதுர மீட்டர் தோட்டத்துக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் வீதம் 5,000 போகும். கோடையில் மிச்சம் 2,300 லிட்டர்தான். நாலு தென்னைக்கும் வாழைக்கும் கூடுதலாகப் பாய்ச்சினால் அதுவும் தீர்ந்துவிடும்.

ஐப்பசி பிறந்ததும் கணக்கு தலைகீழாகிறது. தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டாம், மிச்சம் 7,300 லிட்டராக ஏறும். அதே நாட்களில்தான் கண்மாயும் நிரம்பி நிற்கும். நம் சீமையில் வடகிழக்குப் பருவமழையை நம்பித்தான் கண்மாய்கள் பெருகுகின்றன. உங்களுக்கு வெளியேற்றுக் குழாய் தேவைப்படும் மாதமும் அதன் வாய் தண்ணீரில் முங்கும் மாதமும் ஒன்றாகவே இருக்கும்.

7,300 லிட்டர் வீதம் 15 நாளுக்குச் சேமிக்க 1,09,500 லிட்டர் கொள்ளும் தொட்டி வேண்டும். 7 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழத்தில் கட்டினால் மேலே கொஞ்சம் இடம் விட்டும் போதும். இந்த அளவு விடுதிக்கு எங்கள் யோசனை, தொட்டியைக் கட்டிவிட்டுக் குழாயை மறந்துவிடுவதுதான். காரைக்குடியில் பாதாளச் சாக்கடை போகும் தெருவில் இருந்தால் அதில் இணைப்பு வாங்குங்கள், இந்தத் தலைவலியே வேண்டாம். 80 அறை, மருத்துவமனை, அடுக்குமாடி, முகூர்த்தத்துக்கு ஆயிரம் பேர் வரும் மண்டபம் என்றால் மட்டும் மேலே படியுங்கள். செப்டிக் டேங்க் வழிவதை ஓடையில் விட நினைப்பவர்கள் படிக்கவே வேண்டாம். அதற்கு அனுமதி என்று ஒன்று கிடையாது.

நிலம் யாருடையது

கிராம நிர்வாக அலுவலரிடமோ அரசின் இ-சேவைத் தளத்திலோ அ-பதிவேட்டுப் பிரதியும் (நிலத்தின் வகைப்பாடு எழுதிய வருவாய்த்துறை ஏடு) புலப்படமும் எடுங்கள். உங்கள் புல எண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதாது. குழாய் போகும் ஒவ்வொரு புல எண்ணுக்கும், குழாய் முடியும் எண்ணுக்கு அடுத்த எண்ணுக்கும் சேர்த்து எடுக்க வேண்டும். பதிவேட்டின் வகைப்பாட்டில் கண்மாய், ஓடை, வாய்க்கால், ஊருணி, வண்டிப்பாதை என்று ஏதாவது இருக்கும். தரையில் முள் மண்டிக் கிடப்பதைப் பார்த்துத் தரிசு என்று முடிவு கட்டாதீர்கள். ஏட்டில் ஓடை என்றிருந்தால் அது ஓடைதான். 1974ஆம் ஆண்டு நீர்ச் சட்டமும் 'நீரோடை' என்பதற்குள், தற்சமயம் வறண்டிருக்கும் நீர்வழியையும் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. 'அதில் தண்ணீரே வருவதில்லையே' என்ற வாதம் எந்த மேசையிலும் எடுபடாது.

சிவகங்கை ஜமீனாக இருந்த கிராமங்களில் கண்மாய்களும் பாசன வாய்க்கால்களும் 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்படி அரசுக்கு வந்துவிட்டன. ஊருணிகளில் மட்டும் கவனம் தேவை. நகரத்தார் வெட்டிய ஊருணிகளில் சில இன்றும் கோயில் பெயரிலோ அறக்கட்டளை பெயரிலோ பட்டாவாக இருக்கின்றன. அறநிலையத்துறைக்கு உட்பட்ட கோயில் நிலத்தை 5 ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு எடுக்க ஆணையரின் ஒப்புதல் வேண்டும். சொத்து யாருடையதாக இருந்தாலும், குடிநீர் ஊருணிக்கும் அதற்கு நீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்கும் சொட்டு கழிவுநீர்கூடப் போகக் கூடாது, அது எவ்வளவு சுத்திகரித்ததாக இருந்தாலும். விண்ணப்பத்தில் கேட்டுப் பார்ப்பதே ஊரோடு உறவைக் கெடுக்கும்.

நிலம் வருவாய்த்துறையுடையது, நீரை ஆள்வது வேறு அலுவலகம். ஆயக்கட்டு 40 ஹெக்டேர், அதாவது 100 ஏக்கருக்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியம். நீர்வளத்துறை 2021இல் பொதுப்பணித்துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது. பழைய முகவரிக்கு அனுப்பிய கடிதங்கள் அலைந்து திரும்புவதற்கு அது ஒரு காரணம். ஓடை வேட்டங்குடி பறவைகள் சரணாலயக் கண்மாய்களுக்குப் போகிறது என்றால் வனத்துறையையும் கேட்க வேண்டும்.

நீர்நிலைப் புறம்போக்கு ஆட்சேபகரமான புறம்போக்கு. பட்டாவும் கிடைக்காது, ஒப்படையும் (அரசு நிலத்தை ஒதுக்கித் தருவது) கிடைக்காது. கிடைக்கக்கூடியது குழாய் பதிக்கவும் நீர் விடவும் நிபந்தனையுடன் கூடிய தடையின்மைச் சான்று மட்டுமே. அதையும் அரசு எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். அதனால் அரசு நிலத்துக்குள் போகும் குழாயின் நீளத்தை முடிந்தவரை குறையுங்கள். மாதிரி எடுக்கும் தொட்டி, அளவைமானி, அடைப்பான் எல்லாம் உங்கள் பட்டா நிலத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

குழாய் எங்கே முடியலாம்

கரையை வெட்டிக் குழாய் போடும் வரைபடத்தைப் பார்த்ததும் பொறியாளர் மூடி வைத்துவிடுவார், அதுதான் நியாயமும். குழாயை ஒட்டி மண் இறுகாமல் நீர் கசிந்து வழி உண்டாகும், மழைக்காலத்தில் உடைப்பு அங்கேதான் எடுக்கும். நீர்ப்பிடிப்புப் பக்கம் வரத்துக்காலின் ஓரத்தில் முடிக்கலாம். அதைவிட மேலானது கலுங்குக்கு (கண்மாய் நிரம்பினால் உபரி நீர் வழியும் கற்கட்டு) கீழே, அந்த உபரி ஓடும் மறுகாலில் முடிப்பது, மேட்டுக் கண்மாய் தப்பிக்கும். ஆனால் மறுகால் அடுத்த கண்மாய்க்குத்தான் போகும் என்பதை மறக்காதீர்கள். கீழ்க்கண்மாய்க்காரர்களும் ஆட்சேபிக்க உரிமை உள்ளவர்களே.

மட்டங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், பாதி விண்ணப்பங்கள் இங்கேதான் சறுக்குகின்றன. உங்கள் ஆள் வீட்டு வாசற்படியை 100.000 என்று வைத்து மட்டம் எடுத்திருப்பார். நீர்வளத்துறை பார்ப்பது முழுக் கொள்ளளவு மட்டம், அதாவது கலுங்கின் தலைமட்டம். கருவியை வாசலிலிருந்து கலுங்குவரை கொண்டுபோய், கலுங்குத் தலையைத் தொட்டுத் திரும்பி, இரண்டையும் ஒரே கணக்கில் எழுதச் சொல்லுங்கள். மட்டக்கோலைக் கலுங்கின் சிதைந்த ஓரத்தில் வைக்கக் கூடாது. கல் பெயராமல் இருக்கும் நடுப்பகுதியில் மூன்று இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கலுங்கு ஓடும்போது நீர் தலைமட்டத்துக்கும் மேலே ஏறும். அந்த உச்ச வெள்ள மட்டத்துக்கும் 30 சென்டிமீட்டர் மேலே குழாயின் அடிமட்டம் இருந்தால்தான் நீர் எதிர்த்து ஏறாது.

160 மில்லிமீட்டர் யூபிவிசி வடிகால் குழாயை 100க்கு 1 சரிவில் போட்டால் 180 மீட்டர் தூரத்துக்கு 1.8 மீட்டர் இறக்கம் வேண்டும். நம் பக்கத்துச் சமதரையில் அவ்வளவு இறக்கம் பல இடத்தில் கிடைக்காது. கிடைக்காவிட்டால் சரிவைக் குறைத்து ஒப்பேற்றாமல், 63 மில்லிமீட்டர் எச்டிபிஇ அழுத்தக் குழாயில் பம்பு வைத்து விநாடிக்கு 2 லிட்டர் வீதம் தள்ளுங்கள். 7,300 லிட்டர் ஒரு மணி நேரத்தில் போய்விடும். சரிவுக் குழாயாக இருந்தால் 30 மீட்டருக்கு ஓர் ஆய்வுத் தொட்டி வையுங்கள். ஒருவழி அடைப்பானைக் குழாய் வாயில் மாட்டினால் கருவேலஞ் சுள்ளியும் பாலிதீனும் சிக்கித் திறந்தே நிற்கும். கடைசித் தொட்டியில், உங்கள் நிலத்துக்குள் மாட்டுங்கள். வாய்க்கு முன்னால் 2 மீட்டருக்கு 1.5 மீட்டர் கருங்கல் பாவி, ஓரத்தில் ஒரு சிறு தடுப்புச் சுவர் எழுப்பினால் அரிக்காது. இருபுறமும் அடையாளக் கல் நடுங்கள். வண்டல் அள்ள வரும் பொக்லைன் ஓட்டுநருக்கு மண்ணுக்குள் குழாய் இருப்பது எப்படித் தெரியும்?

மழைநீரைப் பிரிப்பது

செட்டிநாட்டு வீட்டுக்கே உரிய சிக்கல் இது. வளவு முற்றத்து நாலு மூலைத் தண்ணீரும் தரைக்கடியில் கல் காலாக ஓடித் தெருவுக்குப் போகும். அடுக்களை வடிகாலை என்றோ யாரோ அதில் சேர்த்துவிட்டிருப்பார்கள். வரைபடத்தில் இருக்காது. கண்டுபிடிக்க ஒரு வாளித் தண்ணீரில் துணிக்குப் போடும் நீலத்தைத் தாராளமாகக் கரைத்து அடுக்களை முற்றத்தில் ஊற்றுங்கள். ஓர் ஆள் தெருக் காலில் நிற்கட்டும், இன்னொருவர் சுத்திகரிப்பு நிலையத்தின் சேகரிப்புத் தொட்டியில் நிற்கட்டும். நீலம் தெருவில் வந்தால் கழிவுநீர் தப்பி ஓடுகிறது. அதேபோல் முற்றத்து மூலையில் ஊற்றிய நீலம் சேகரிப்புத் தொட்டியில் வந்தால், முதல் பெருமழையில் நிலையத்தில் கழிவைத் தின்னும் நுண்ணுயிரிகள் அடித்துப் போகப்பட்டு, மறுநாள் கலங்கல் அப்படியே வெளியேறும். ஒவ்வொரு வாய்க்கும் தனித்தனியாக இதைச் செய்து, அடைக்க வேண்டியதை அடைத்த பிறகே நிலையத்தின் அளவை முடிவு செய்யுங்கள்.

விண்ணப்ப வரிசை

மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் இரண்டு இசைவாணை வேண்டும். கட்டுவதற்கு முன் நிறுவுவதற்கான இசைவாணை, கட்டிய பின் இயக்குவதற்கான இசைவாணை. புதிய வெளியேற்றுவாய் திறக்க முன் இசைவு கட்டாயம் என்பது நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவு. இணையவழியில் விண்ணப்பம் போடும்போதே நிலத்துக்கான தடையின்மைச் சான்றின் நிலையைக் காட்டுவது நல்லது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரைத் தொட்டால் சுற்றுச்சூழல் அனுமதி தனி.

நிலத்துக்கான மனு ஆட்சியருக்கு. காரைக்குடி, தேவகோட்டை வட்டங்கள் என்றால் அது தேவகோட்டை சார் ஆட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கிராம நிர்வாக அலுவலர் என்று இறங்கி, அறிக்கையாகத் திரும்ப ஏறும். திருமயம் பக்கத்து ஊர்களுக்குப் புதுக்கோட்டை ஆட்சியரகம். நீர்வளத்துறைக்கோ ஒன்றியத்துக்கோ தனி மனு. ஒவ்வொன்றிலும் ஒரே வரைபடம், ஒரே புல எண்கள், ஒரே லிட்டர் கணக்கு இருக்க வேண்டும். ஒன்றில் 9,000 என்றும் இன்னொன்றில் 12,000 என்றும் இருந்தால் கோப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். கிராம ஊராட்சி என்றால் கிராம சபையில் வைத்துத் தீர்மானம் வாங்குங்கள். மீன்பாசி ஏலம் எடுத்தவரையும் பாசனச் சங்கத்தாரையும் அதற்கு முன்பே நேரில் பார்த்துவிடுங்கள். மண் வேலை பங்குனி முதல் ஆனி வரைதான் நடக்கும் என்பதால், மனுவை முந்தைய ஆடிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

வாரியம் 4 மாதத்துக்குள் இசைவு தராமலும் மறுக்காமலும் இருந்தால் இசைவு தந்ததாகவே கொள்ளப்படும் என்று சட்டம் சொல்கிறது. அதை நம்பிக் கரையில் கடப்பாரை வைக்காதீர்கள். அது நிலத்துக்கான அனுமதி ஆகாது. மறுத்தால் 30 நாளில் மேல்முறையீடு செய்யலாம்.

என்ன தரத்தில் விட வேண்டும்

உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கான பொதுத் தரத்தில் பிஓடி (நீரில் உள்ள கழிவு சிதைய எடுக்கும் ஆக்சிஜன் அளவு) லிட்டருக்கு 30 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 100, எண்ணெய் 10, எஞ்சிய குளோரின் 1. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சுத்திகரிப்பு நிலையங்களுக்குச் சொன்னது இன்னும் கடுமை: பிஓடி 10, திடப்பொருள் 20. உங்களைக் கட்டுப்படுத்துவது உங்கள் இசைவாணையில் எழுதிய எண்தான். ஆனால் நிலையத்தை வடிவமைக்கும்போது 10 என்றே வைத்துக்கொள்ளுங்கள். கண்மாய் ஓடும் ஆறல்ல, தேங்கும் நீர். பாஸ்பேட் சேர்ந்தால் பாசியும் ஆகாயத்தாமரையும் படர்ந்துவிடும்.

கிருமி நீக்கக் குளோரினை அள்ளிப் போடுவது நாம் அதிகம் பார்க்கும் தவறு. கோலிஃபார்ம் என்ற மலக்கிருமிச் சோதனையில் தேறலாம், வாய்க்குக் கீழே மீன் செத்து மிதக்கும், குத்தகைதாரர் ஊரைக் கூட்டுவார். புற ஊதா விளக்கு வைப்பது மேல். மண்டபக்காரர்களுக்கு இன்னொன்று: அடுக்களை எண்ணெய்ப் பொறியைச் சாதாரண நாளை வைத்து அளவிடாமல், முகூர்த்த நாள் பந்தியை வைத்து அளவிடுங்கள். ஒவ்வொரு பந்திக்குப் பிறகும் மேலே மிதப்பதை அள்ளவும் ஆள் வையுங்கள்.

சித்திரையில் கண்மாய் வறண்டு கிடக்க, உங்கள் குழாய் வாயில் மட்டும் பச்சையாக ஒரு குட்டை நிற்கும். ஆடு மாடு அதில்தான் வாய் வைக்கும். திங்கட்கிழமை ஆட்சியரகக் குறைதீர் கூட்டத்துக்குப் புகைப்படத்தோடு மனு போகும். கோடையில் அடைப்பானை இறக்கிப் பூட்டிவிட்டு, மூடிய தேதியையும் திறந்த தேதியையும் அளவைமானி எண்ணோடு பதிவேட்டில் எழுதுங்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தனி மின்மானி இருக்கட்டும். நிலையத்தை ஓட்டினீர்களா என்பதை ஆய்வுக்கு வருபவர் அதைப் பார்த்துத்தான் சொல்வார். வெளியேற்றுவாய்க்கு விதித்த நிபந்தனைகளை வாரியம் ஒரு பதிவேட்டில் வைத்திருக்க வேண்டும், அதனால் பாதிக்கப்படும் எவரும் அதைப் போய்ப் பார்க்கலாம் என்று அதே 25ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் நிபந்தனைகளைக் கீழ்க்கண்மாய் விவசாயி எப்போது வேண்டுமானாலும் படிக்க முடியும் என்பதால், இசைவாணையின் ஒரு பிரதியை நீங்களே ஊராட்சி அலுவலகத்தில் கொடுத்து வைத்துவிடலாம்.