தெருவில் கேமரா இருக்கிறது சரி, அதில் மணி என்ன?

பைக் திருட்டுக்குப் பிறகு எங்கள் தெருவில் காவல் குழு ஆரம்பித்தோம். நீங்களும் தொடங்குவதானால் என் வரிசை இது.

1. ஆள். பகலில் தெருவிலேயே இருக்கும் நாலு பேர் போதும். எங்கள் தெருவில் முதல் ஆள் இஸ்திரி வண்டி அண்ணன். யார் வீட்டுக்கு யார் வருவார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. பட்டன் போன்தான் வைத்திருக்கிறார். அதனால் வாட்ஸப்பை மட்டும் நம்பாமல் ஒரு விசில் வாங்கிக் கொடுத்தோம்.

2. ஸ்டேஷன். நேரில் போய்ப் பெயர்ப் பட்டியலைக் கொடுத்துவிட்டு, ரோந்து போலீஸ்காரர் நம்பரை வாங்கி வாருங்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112. வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போகிறவர்களும் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகலாம்.

3. வாட்ஸப் குரூப். குட் மார்னிங், ஃபார்வர்டு கூடாது. கண்ணால் பார்த்தது, இடம், நேரம், வண்டி நம்பர், அவ்வளவுதான். முன்பின் தெரியாதவர் படத்தைப் போட்டு 'திருடன்' என்று எழுதுகிறவரை அட்மின் உடனே நீக்க வேண்டும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் பிள்ளை பிடிக்கிறவர் என்ற வதந்தியை நம்பி ஒரு மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். குலதெய்வம் கோயிலுக்கு வந்தவர் அவர்.

4. கேமரா. வைஃபை கேமரா வேண்டாம், கேபிள்தான் என் கட்சி. மாடியில் மாட்டினால் மண்டைதான் தெரியும். எட்டு ஒன்பது அடி உயரத்தில், முகம் விழுகிற மாதிரி மாட்டுங்கள். மற்றதைப் பொருத்த வருபவரே பார்த்துக்கொள்வார்.

கடிகாரத்தை மட்டும் அவரிடம் விடாதீர்கள். இரண்டாவது பைக் போன மறுநாள் அந்த ராத்திரியின் தேதியைப் போட்டுத் தேடினோம். ஒன்றுமே இல்லை. கேமரா ஓடவில்லை போல என்று விட்டுவிட்டோம். உண்மையில் பதிவு இருந்தது, 2000 ஜனவரி 1 என்ற தேதியில். கேமரா பதிவைச் சேமிக்கும் பெட்டியான டிவிஆருக்குள் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி செத்துப்போய், கரண்ட் போய் வந்ததும் தேதி பின்னால் ஓடியிருக்கிறது. இது தெரிவதற்குள் ஹார்ட் டிஸ்க் நிரம்பி, பழைய பதிவின் மேல் புதுசு ஏறிவிட்டது.

பேட்டரியை மாற்றுங்கள். டிவிஆரில் நெட் இருந்தால், நெட் வழியாக மணியைத் தானே சரிசெய்துகொள்ளும் என்டிபி-யை ஆன் செய்து, நேர மண்டலத்தை +5:30 என்று வையுங்கள். மாதம் ஒருமுறை டிவிஆர் திரையையும் செல்போன் மணியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

பின்சேர்க்கை: "நேரம் தப்பென்றால் உடனே திருத்தலாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். திருட்டு நடந்துவிட்டதென்றால் தொடாதீர்கள். இரண்டு கடிகாரமும் ஒரே படத்தில் விழும்படி ஒரு போட்டோ எடுத்து, எத்தனை நிமிட வித்தியாசம் என்று எழுதி போலீஸிடம் கொடுங்கள். பதிவை பென் டிரைவில் எடுத்தாலும் டிவிஆரில் இருப்பதை அழிக்கக் கூடாது. மின்னணுப் பதிவின் நகல் கோர்ட்டுக்குப் போனால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் கேட்பார்கள்.

இன்னொன்று: திருடன் கையில் சிக்கினால் அடிக்காதீர்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 40-ஆம் பிரிவுப்படி, பொதுமக்கள் பிடித்தவரை ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும்.