வெட்டுக்காயமா? 10 நிமிஷம் துணியை எடுக்காம அழுத்துங்க

காரைக்குடி பக்கம் விசேஷ வீடுன்னா ரெண்டாங்கட்டுல ஆச்சிமாரெல்லாம் அருவாமணையோட உக்காந்து மூட்டை மூட்டையா காய் நறுக்குவாக, யாருக்காச்சும் விரல்ல வெட்டுப்படும், உடனே ஒருத்தவுக காப்பித்தூளைக் கொண்டாம்பாக இன்னொருத்தவுக மஞ்சத்தூளை அப்பும்பாக. தயவுசெஞ்சு அதெல்லாம் வேணாம், காயத்துல அழுக்கு சேர்றதுதான் மிச்சம்.

சுத்தமான துணியை மடிச்சு வெட்டு மேல வச்சு நல்லா அழுத்துங்க, கைய நெஞ்சுக்கு மேல தூக்கிக்கங்க. 10 நிமிஷம் முழுசா. நின்னுருச்சான்னு நடுவுல எடுத்துப் பாக்கவே கூடாது. துணி நனைஞ்சா அதுக்கு மேலயே இன்னொண்ணு வைங்க.

ஏன்னா உள்ள பெரிய வேலை நடக்குது. அறுந்த ரத்தக்குழாய் முதல்ல சுருங்கும், அப்புறம் தட்டணுக்கள், டெங்கு வந்தா எண்ணிப் பாக்கச் சொல்றாகளே அந்த பிளேட்லெட்தான், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்துல 1.5 லட்சத்துலேர்ந்து 4.5 லட்சம் வரைக்கும் இருக்கும், அதெல்லாம் அறுந்த இடத்துல வந்து ஒட்டி அடைப்பு போடும். ஆனா அது லேசான அடைப்பு. ரத்தத்துல இருக்குற உறைவுக் காரணிகள், அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற புரதங்கள், ஒண்ணை ஒண்ணு தூண்டிவிட்டு த்ராம்பின்ங்கிற நொதி உண்டாகி, கரைஞ்சு கிடக்குற ஃபைப்ரினோஜென்ங்கிற புரதத்தை ஃபைப்ரின் நாரா மாத்தும், அந்த நாருதான் வலை மாதிரி பின்னி சிவப்பணுவையும் பிடிச்சு வச்சு இறுகும். ரெண்டாவது நிமிஷமே துணியைப் பிச்சீங்கன்னா அந்த நாரும் சேந்து பிஞ்சு ரத்தம் மறுபடி வரும்.

வீட்டுல ஐயா, ஆயா இதயத்துக்கு மாத்திரை சாப்பிடுறாகளான்னு தெரிஞ்சு வச்சுக்கங்க. ஆஸ்பிரின் பட்ட பிளேட்லெட் அதோட ஆயுசு முழுக்க, 7லேர்ந்து 10 நாள், சரியா ஒட்டாது. ரத்தம் உறையாம இருக்கக் குடுக்குற வார்ஃபரின்னா வைட்டமின் கே வேலையத் தடுத்துரும், கல்லீரலால 2, 7, 9, 10ஆம் உறைவுக் காரணிகளை ஒழுங்கா செய்ய முடியாது. அவுகளுக்கு ரத்தம் நிக்க நேரமாகும், அழுத்திக்கிட்டே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க, மாத்திரை பேரைச் சொல்லுங்க. நீங்களா மாத்திரையை நிப்பாட்டிறாதீங்க.

ஆத்தங்குடி கல்லு, அதான் தரைக்குப் பதிக்கிற டைல், அந்தப் பட்டறையில கண்ணாடி மேல வேலை பாக்குறவுகளுக்கு ஒண்ணு, சில்லு உள்ள குத்தி நின்னா புடுங்காதீங்க, மேல அழுத்தாம ரெண்டு பக்கமும் அழுத்துங்க. ரத்தம் பீச்சியடிச்சா உடனே 108. நின்னப்புறம் காயத்தைச் சுத்தி கழுவி கட்டுப்போட்டு, ரணஜன்னி வராம இருக்கப் போடுற டிடி ஊசி கடைசியா எப்பப் போட்டதுன்னு டாக்டர்கிட்ட சொல்லிக் கேட்டுக்கங்க.